மகள் வண்டியின் முன்கண்ணாடி

புதுக் கண்ணாடி மாட்டிய வண்டியின் கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது. இதை முப்பத்தோரு வருஷமாக வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன், ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஜன்னல்கள் மூடியிருக்கும்போது கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கிற காற்றுக்குப் போக வழியில்லை, அது முன்கண்ணாடியை நெட்டித் தள்ளும். பசை காயாமல் இருந்தால் ஏதாவது ஒரு மூலையில் வாய் பிளந்துவிடும், மழை பெய்தால் ஒழுகும். அதனால்தான் கண்ணாடியை வைத்த கையோடு ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கிவிடுவேன். இதையெல்லாம் நீங்கள் எழுத வேண்டாம் ஐயா, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நிற்கிற உங்கள் போலீஸ் ஜீப்புக்குக் கண்ணாடி போட்டவனும் அதைச் செய்யவில்லை. இடது மூலையில் தண்ணீர் இறங்கிய தடம் இருக்கிறது, வரும்போது பார்த்தேன்.

என் மகளுடைய கார் பதினாறு வருஷத்து வண்டி. கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை வாங்கியது. லாரியிலிருந்து கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டபோது, "அப்பா இருக்கும்போது வேற எங்கப்பா போறது" என்று போனில் கேட்டாள். அந்த ஒரு வாக்கியத்தை அந்த வாரம் முழுக்க எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவள் இருப்பது மூன்று மணி நேரத் தூரத்தில். அவள் அம்மா போய் நாலு வருஷம். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவது வருஷத்துக்கு ஒரு தடவை என்று ஆகிவிட்டது. போன் மட்டும் தவறாமல் வரும். சாப்பிட்டீங்களாப்பா, சாப்பிட்டேன்மா, மாத்திரை போட்டீங்களா, போட்டேன்மா. ஒன்றரை நிமிஷம். குறை சொல்லவில்லை, அவளுக்கு ஆயிரம் வேலை.

முதல் தடவை வேலையில் ஒரு குற்றமும் கிடையாது. பழைய கண்ணாடியை அறுத்து எடுத்தேன். அடியில் சட்டத்தில் கொஞ்சம் துரு இருந்தது, இரும்பு தெரிகிற வரைக்கும் சுரண்டினேன், பிரைமர் அடித்துக் காயவிட்டேன், பசையைச் சுற்றிலும் ஒரே கனத்தில் போட்டுக் கண்ணாடியை உட்கார வைத்தேன். அவள் பக்கத்திலேயே நின்று ஏதோ ஆபீஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு சுவாரசியத்தில் ஜன்னலை இறக்க மறந்துபோனேன். அவள் பின்சீட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். புஃப் என்று ஒரு சத்தம். வேறு யார் காதிலும் விழுந்திருக்காது.

வேறு யார் வண்டியாக இருந்தாலும் அங்கேயே கண்ணாடியைப் பிரித்திருப்பேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் முதலிலிருந்து என்றால் முகம் சுளிப்பாளே என்று வாயை மூடிக்கொண்டேன். அதுவரைக்கும் நடந்தது மறதி.

பதினேழு நாள் கழித்து மழை பெய்தது. "அப்பா, காலெல்லாம் நனையுதுப்பா, வண்டிக்குள்ள ஒரே நாத்தம். ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்று கேட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவள் மூன்று வாரத்துக்குள் இரண்டாம் தடவை வருகிறேன் என்கிறாள். வாம்மா என்றேன்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உள்ளே கண்ணாடி ஓரம் முழுக்க முகப் பவுடரைத் தூவிவிட்டு ஒரு ஆள் உட்கார வேண்டும். வெளியே இன்னொரு ஆள் குழாயைப் பிடித்து, கீழிருந்து மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் வழிந்து ஏமாற்றிவிடும். பவுடரில் ஈரக்கோடு விழுந்ததும் உள்ளே இருப்பவர் கண்ணாடியைத் தட்ட வேண்டும். அன்றைக்கு அவள்தான் உள்ளே உட்கார்ந்தாள். நடுவில் கண்ணாடி, கண்ணாடி மேல் தண்ணீர், அதற்கு அந்தப் பக்கம் அவள் முகம். மோதிரத்தால் டொக் டொக் என்று தட்டிச் சிரித்தாள். என்னவோ சொன்னாள், வாய் மட்டும் அசைந்தது. அவளை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

பசை இறுகுகிற வரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாது, நாலு மணி நேரம் ஆகும் என்றேன். என் சமையலைச் சாப்பிட்டாள். "என்னப்பா இது, உப்பு மூட்டையையே கொட்டிட்டீங்களா" என்று திட்டினாள். பிரிட்ஜைத் துடைத்தாள். அவள் அம்மாவின் கட்டிலில் ஒரு மணி நேரம் தூங்கினாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ஒழுகலை அடைத்தேனா என்றுதானே கேட்டீர்கள். அவள் தட்டிக் காட்டிய மூலையை நன்றாக அடைத்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது எதிர் மூலையில் பிளேடு வைத்து ஒரு விரல் அகலத்துக்குப் பசையை அறுத்துவிட்டேன். ஒயர் போகிற பக்கம் பார்த்து ஒதுக்கித்தான் அறுத்தேன். தண்ணீர் தரைவிரிப்புக்கு மட்டும் போகும், அவள் மேல் ஒரு சொட்டு விழாது. பெற்ற பிள்ளை ஓட்டுகிற வண்டி ஆயிற்றே, பார்த்துத்தான் செய்தேன்.

அதற்குப் பிறகு மூன்று தடவை வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒன்றை அடைத்தேன், ஒன்றைத் திறந்தேன். நாலு மணி நேரத்தை ஆறு மணி நேரமாக்கினேன். புதுப் பசைமா, காய லேட்டாகும் என்றேன், நம்பினாள். பக்கத்துப் பட்டறை டிங்கர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். "என்னண்ணே, ஊரான் கண்ணாடியெல்லாம் கல்லு மாதிரி நிக்குது, பொண்ணு கண்ணாடி மட்டும் உங்ககிட்ட மக்கர் பண்ணுதே" என்றான். பழைய வண்டிப்பா, அப்படித்தான் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஐந்து மாதம் தண்ணீர் நின்றால் இரும்பு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சட்டத்தின் கீழ்ப்பக்கம் முழுக்கத் துரு ஏறிவிட்டது, மேல்பக்கமும் அங்கங்கே பொரிந்திருந்தது. துருவின் மேல் வைக்கிற பசை துருவைத்தான் பிடிக்கும், இரும்பைப் பிடிக்காது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். அதிர்ந்து பேச மாட்டார்.

"மாமா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"எங்க ஊர்ல ஒருத்தர்கிட்ட வண்டியக் காட்டினேன். பசை தானா விட்ட மாதிரி தெரியல, பிளேடு வெச்சு அறுத்த மாதிரி இருக்குன்னார்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்றுதான் அப்படிப் பார்த்தார்.

"அவகிட்ட நான் சொல்லல மாமா, சொல்லவும் மாட்டேன். நீங்க இந்தத் தடவை நல்லபடியா ஒட்டிக் குடுத்துருங்க. ஒழுகினாலும் ஒழுகாட்டியும் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் அவளக் கூட்டிட்டு வர்றேன். அதுக்கு நான் பொறுப்பு."

சொன்ன சொல் தவறாத ஆள்தான். ஆனால் நிதானமாக யோசித்துப் பாருங்கள். முதல் மாதம் கூட்டி வருவார், இரண்டாம் மாதமும் வருவார், மூன்றாம் மாதம் ஒரு கல்யாணம், நாலாம் மாதம் ஒரு காய்ச்சல். மனுஷனுக்கு மறதி உண்டு. மழைக்கு மறதி கிடையாது. தவிர, அவர் இழுத்துக்கொண்டு வந்து அவள் வருவது வேறு, அப்பாவைத் தேடி அவளாக வருவது வேறு.

சரியாகச் செய்வதானால் துருவை முழுக்கச் சுரண்டி, பிரைமர் காய்ந்து, புதுப் பசை போட வேண்டும். ஒரு முழு நாள் வேலை. அவர் என் வீட்டுக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியை முழுசாக அறுத்து எடுத்தேன். துருவைத் தொடவில்லை. கண்ணாடி அசையாமல் உட்கார நாலு இடத்தில் மட்டும் பொட்டு வைக்கிற மாதிரிப் பசை வைத்தேன். வெளியே சுற்றிலும் சிலிக்கானை அழகாக ஒரு கோடு இழுத்து, மேலே ரப்பரை மாட்டிவிட்டேன். அரை மணி நேரம் தண்ணீர் அடித்தோம். மாப்பிள்ளை பவுடரைத் தூவிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார், ஒரு தடவைகூடத் தட்டவில்லை. இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி மாமா" என்றார்.

என் கணக்கு இதுதான். வெளியே போட்ட சிலிக்கான் இரண்டு மாத வெயிலுக்குத் தானாக வெடித்துவிடும். அடுத்த மழைக்கு ஒழுகும். மாமா ஒழுங்காகத்தான் ஒட்டினார், வண்டிதான் பழசு என்று மாப்பிள்ளையே சொல்வார்.

கண்ணாடி ஒட்டாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். கடைக்கு வருகிறவர்களுக்கு நானே விளக்கிச் சொல்வேன். ஓட்டுகிறவருக்கு ஏர்பேக் ஸ்டியரிங்கிலிருந்து நேராக வரும். பக்கத்தில் இருப்பவருக்கு டேஷ்போர்டுக்கு மேலிருந்து எழும்பி, முன்கண்ணாடியில் மோதித் திரும்பித்தான் ஆளைத் தாங்கும். கண்ணாடி ஒட்டியிருக்காவிட்டால் அது கண்ணாடியையும் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும், ஆளைத் தாங்க ஒன்றும் இருக்காது. துருவின் மேல் கண்ணாடியை வைக்கும்போது இது என் நினைவில் இருந்ததா என்றால், இருந்தது. இரண்டு மாதத்துக்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் போன் செய்தாள்.

"நாளைக்கு வர்றோம்பா."

"ஏம்மா, மறுபடியும் ஒழுகுதா?"

"ஒழுகலப்பா. சும்மாதான். அவர்தான் போயிட்டு வரலாம்னார். எனக்கும் உங்களப் பாக்கணும் போல இருக்கு."

காலையிலேயே சமைத்து வைத்துவிட்டேன், உப்பைக் குறைத்துப் போட்டு. பாதி வழியில் முன்னால் போன லாரி திடீரென்று நின்றிருக்கிறது. இவள்தான் ஓட்டினாள். பெரிய வேகம் இல்லை. மாப்பிள்ளை பெல்ட் போட்டிருந்தார், ஆனால் அது பதினாறு வருஷத்து பெல்ட். அந்த இடத்திலேயே அவர் உயிர் போய்விட்டது. ஏர்பேக் தாங்கியிருந்தால் சிராய்ப்போடு போயிருக்கும் என்று உங்கள் வண்டி ஆய்வாளர் எழுதியிருக்கிறார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கண்ணாடி பன்னிரண்டடி தள்ளி ரோட்டில் கிடந்ததாம், ஓரத்தில் ஒரே ஒரு கீறலோடு.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தோள்பட்டையில் கட்டு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கண்ணாடிய நல்லாத்தானே ஒட்டினீங்க?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான்மா ஒட்டினேன்."

ஒரு மணி நேரம் கையை விடவேயில்லை. என் தோளில் சாய்ந்து அழுதாள், நானும் அழுதேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என் வீட்டில்தான் இருந்தாள். ஆய்வாளரின் அறிக்கை வந்த அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். நாலு மாதமாகப் போனும் இல்லை.

நேற்று என் வக்கீல் வந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும், மகளைக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்காது, அந்தப் பெண் பட்டது போதும் என்றார். மறுத்தால் அவள்தான் முக்கிய சாட்சி, வருஷக்கணக்கில் இழுக்கும், ஒவ்வொரு தடவையும் அவள் இவ்வளவு தூரம் வர வேண்டும் என்று பயமுறுத்தினார்.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன் ஐயா. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை, எல்லாம் நான் செய்ததுதான். ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன். கோர்ட்டில் கேட்டால் நான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்வேன். வாய்தாவுக்கு வாய்தா அவள் வந்துதானே ஆக வேண்டும். இனிமேல் கார் ஓட்ட மாட்டாள், பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஆகும். சம்மன் அனுப்பும்போது, காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லி ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.