ஐஸ் கட்டிக்குள் ஒரு கார்டு

ஹலோ... ஹலோ, மாப்ள? நான்தான், மாமா பேசுறேன். கேக்குதா?... எங்க இருக்க?... சரி, எங்க வேணா இரு. முதல்ல ஒண்ணு சொல்லு. ஃபிரிட்ஜுக்குள்ள இருந்து உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்தா என்ன அர்த்தம்?

... இல்ல, இப்ப வரல. வந்து முடிஞ்சிருச்சு.

... மேல, ஐஸ் வைக்கிற பெட்டிக்குள்ள. அடித்தகட்டுல ஒரு ஓட்டை. சின்னதுதான் மாப்ள. ஒரு... ஒரு ஸ்க்ரூடிரைவர் போற அளவு.

... ஆமா, ஸ்க்ரூடிரைவர்தான். நான்தான். வேற யாரு? எலியா ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிட்டு வரும்?

... பிளக்கைப் புடுங்கிட்டேன்... ஜன்னலைத் தொறந்துட்டேன்... அடுப்பு எரியல. சிகரெட்டு விட்டு ரொம்ப வருஷமாச்சு. விட முடிஞ்சது அது ஒண்ணுதான்.

... மொத்த கேஸும் போயிருச்சா?... ம்... ஆமா... ஆமா, புத்தி இல்லதான்... ஆமா, மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லதான். திட்டு, திட்டு. ஆனா திட்டிக்கிட்டே கிளம்பு. இப்ப பன்னெண்டு அடிச்சு கொஞ்ச நேரந்தான் ஆகுது. உங்கக்கா மருந்துக்கடையில இருந்து வர ஆறு மணி ஆகும். அதுக்குள்ள நீ வந்து ஓட்டையை அடைச்சு கேஸை ரொப்பிட்டேன்னு வை, அவளுக்கு எதுவும் தெரியாது. நாள் பூரா பில் கவுண்டர்ல நின்னுட்டு வர்றவ, செருப்பைக் கழட்டுனதும் நேரா வந்து ஜில்லுன்னு ஒரு கிளாஸ் தண்ணி குடிப்பா. அந்தத் தண்ணி ஜில்லுன்னு இருந்தாப் போதும் எனக்கு.

... வேலையா? நீ ஃபிரிட்ஜ் மெக்கானிக்குப்பா. என்கிட்ட ஃபிரிட்ஜ் இருக்கு. இதுக்கு மேல உனக்கு என்ன வேலை?

... எதுக்குக் குத்தினேன்னா... அது ஒரு கதை. வந்து சொல்றேனே.

... இப்பவேவா?... சரி. சிரிக்கக் கூடாது.

பேங்க் கார்டை எடுக்கத்தான்.

... ஆமா. அந்தக் கார்டு.

... ஹலோ? இருக்கியா?... ம். உனக்குத்தான் தெரியுமே. ரேடியோவுல யாரோ ஒரு அம்மா சொன்னாங்கன்னு, உங்கக்கா கார்டை டப்பாவுல போட்டு, தண்ணியை ஊத்தி, ஐஸுக்குள்ள வெச்சா. ஐஸ் உருகுறதுக்குள்ள வாங்குற ஆசை உருகிடும்னாங்களாம். நானும் நல்ல யோசனைன்னு கை தட்டினேன். பழைய கார்டு நம்பர் எனக்கு மனப்பாடம்னு புதுக் கார்டே வாங்கிட்டா. நான் கண்ணால பாக்கறதுக்கு முன்னாடி முக்கிட்டா. அது போதாதுன்னு என் போனைப் புடுங்கிட்டு இந்தப் பட்டன் போனைக் குடுத்தா. இதுல என்னத்தை வாங்குறது? டார்ச்சு அடிக்கலாம், அவ்வளவுதான்.

... ஆமா, நல்லாத்தான் போச்சு. நாலு மாசம் மாப்ள! நாலு மாசம் ஒரு குண்டூசிகூட வாங்கல நான். கடைத்தெருவுல தலையைக் குனிஞ்சுக்கிட்டு, புதுப் பொண்ணு மாதிரி நடந்தேன்.

... டிவி. டிவியை யாரும் புடுங்கல இல்ல?

ராத்திரி ஷிஃப்டு முடிஞ்சு வந்து படுத்தேன், தூக்கம் வரல. போட்டேன். ஒருத்தன் கத்துறான், பன்னெண்டு மணிக்குள்ள கூப்பிட்டா பாதி விலை, பாதி விலைன்னு. ஓரத்துல கடிகாரம் வேற ஓடுது. அந்தக் கடிகாரத்தைப் பாத்தா எனக்கு உள்ளங்கை வேர்க்கும், உனக்குத் தெரியாது அது. பட்டன் போன்லதான் அடிச்சேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. கார்டு நம்பர் சொல்லுங்க சார்னுச்சு. ஒரு நிமிஷம் இரும்மான்னு போனை ஃபிரிட்ஜ் மேல வெச்சிட்டு டப்பாவை இழுக்குறேன், வரல. பனி கட்டி, தகட்டோட ஒட்டிப்போய்க் கிடக்கு. நெம்பினேன். உஸ்ஸ்ஸ்...! அந்தப் பொண்ணு, "சார், பாம்பா சார்?"ங்குது.

... நீ சிரிக்கலையா? நானா இருந்தா சிரிச்சிருப்பேன்.

... வெந்நீரா?

... ஆமாடா. ஒரு சொம்பு வெந்நீர் ஊத்தியிருந்தா முடிஞ்சிருக்கும். தோணல. அந்த நேரத்துல வெந்நீரெல்லாம் தோணாது மாப்ள. அந்த நேரத்துல மூளை வீட்டுல இருக்காது, வெளிய போயிருக்கும்.

... என்ன பொருளா? அதை விடு.

... விடுன்னா...

... லாக்கர். சின்னதா, இரும்புல. கைரேகை வெச்சாத்தான் தொறக்கும். வீட்டுல பணத்தைப் பத்திரமா வெச்சுக்கலாம்ல, என் கைக்குச் சிக்காம.

... ஆமா, என் கைரேகைதான். அதை நான் யோசிக்கல.

... உள்ள வைக்க என்ன இருக்கும்னா... அதை வாங்கினப்புறம் ஒண்ணும் இருக்காதுதான். புரியுது. இப்பப் புரியுது. வேற யாரோ செஞ்ச கூத்துன்னு சொன்னா நானே வயித்தைப் புடிச்சிக்கிட்டு சிரிப்பேன்.

அந்தக் கார்டுல இருக்கிறது அடுத்த மாச வாடகையும் பாப்பாவோட கண்ணாடிக் காசும். கண்ணாடிக் கால் உடைஞ்சு, டேப்பு சுத்திப் போட்டுக்கிட்டுப் போறா ஸ்கூலுக்கு. தெரியும் எனக்கு. சுத்தினதே நான்தான்.

... ஹலோ? என்ன எதுவும் பேச மாட்டேங்குற?... அக்கம்பக்கத்துல யாராவது இருக்காங்களா?... இல்லையா? சரி.

உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், அவகிட்ட சொல்லாத. எனக்கு அந்தப் பொருள் எதுவும் வேணாம் மாப்ள. கட்டிலுக்கு அடியில பாதிப் பெட்டி இன்னும் பிரிக்காமக் கிடக்கு, உனக்கே தெரியும். தூண்டில் வாங்குனேன். இந்த ஊர்ல தண்ணி குழாயில மட்டுந்தான் வரும். நான் ராத்திரி பூரா என்ன பண்றேன்? குடோன்ல நின்னு பார்சல் பிரிக்கிறேன். இந்தத் தெரு, அந்தத் தெரு, இந்தப் பேரு, அந்தப் பேரு. மலை மாதிரி பெட்டி வரும், எல்லாத்துலயும் யாரோ ஒருத்தர் பேரு. விடியக்காலையில எனக்குத் தோணும், இவ்வளவுலயும் நமக்கு ஒண்ணுகூட வரலையேன்னு. பைத்தியக்காரத்தனந்தான். ஆனா என் பேரு ஒட்டுன பெட்டி ஒண்ணு பெல்ட்டுல வரும் பாரு... எனக்கு யாரோ அனுப்பின மாதிரி இருக்கும். அனுப்புனது நான்தான்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஞாபகம் வரும்.

... ம்.

... ம். இந்த வாங்குற பழக்கத்துக்குப் பாக்குறாங்களே, அந்த டாக்டரம்மாகிட்டயும் இதைச் சொல்லல. வேற என்னென்னமோ சொல்லிச் சிரிக்க வெச்சிட்டு வந்துட்டேன். அடுத்த வாரம் வாங்கன்னாங்க.

போன வாரம் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தேன். பொம்மைக்கடை வாசல்ல ஒரு பையன் தரையில உருண்டு பொரண்டு அழுறான், கார் வேணும்னு. இவ நாலாவது படிக்கிற பொண்ணு, நின்னு அவனையே பாத்தா. உனக்கு ஏதாச்சும் வேணுமாடான்னு கேட்டேன். "வேணாம்பா"ன்னா. அதோட விட்டாளா? என் கையை இறுக்கிப் புடிச்சா மாப்ள. ரோட்டைத் தாண்டும்போது நாம புள்ளைங்க கையைப் புடிப்போம்ல, அந்தப் புடி. அந்தக் கடை தாண்டினதும் விட்டுட்டா. அடுத்த கடை வந்துச்சு, திரும்பப் புடிச்சா.

...

நான் அழல. சளி.

... சரி, அதெல்லாம் இருக்கட்டும். நீ வர்றியா இல்லையா? ஒரு மணி நேர வேலைதானே? அந்த ஃபிரிட்ஜ் உங்கக்கா சம்பளத்துல வாங்குனதுடா. இந்த வீட்டுல கடன் இல்லாம வந்த ஒரே சாமான். அதைப் போயி...

... நாளைக்கா? நாளைக்கு எதுக்கு, இன்னிக்குத் தெரிஞ்சிடுமே!

... சும்மா மழுப்பாத. என்ன வேலைன்னு சொல்லு... சுவரா? நீ எப்ப இருந்து சுவருக்குப் பெயிண்டு அடிக்க ஆரம்பிச்ச?... மாடி ரூமா? அதான் குரல் இப்படிக் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்குது. வாடகைக்கு விடப் போறியா?... யாருக்கு?... தெரிஞ்சவங்கன்னா எனக்கும் தெரிஞ்சவங்களா?

... கையெல்லாம் பெயிண்டுன்னா போனை எப்படிப் புடிச்சிருக்க? ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?

...

அது யாரு தும்முறது?

... ஏய், அது யாரு?... நீ தும்மல. நீ தும்மினா தெருவே எந்திரிச்சு உக்காரும். இது வேற... பெயிண்டு வாடை பட்டா மூணு தடவை தொடர்ந்து தும்முற ஆளு எனக்கு ஒரே ஒருத்தரைத்தான் தெரியும்.

... மாப்ள.

... மாப்ள, போனை உங்கக்காகிட்ட குடு.

... கோவமெல்லாம் இல்ல. குடு.

...

ஹலோ.

... லீவு போட்டியா?... சாப்பிட்டியா?

... எல்லாத்தையும் கேட்டியா? உஸ்ஸுல இருந்தா?... ம்... அப்ப நான் ஒண்ணும் மிச்சம் வைக்கல. இவ்வளவையும் எதிர்ல உக்காந்து சொல்லுன்னா சொல்லியிருக்க மாட்டேன். வேணும்னா ஒரு குரங்காட்டம் காட்டியிருப்பேன்.

... என்ன கலர் அடிக்கிறீங்க?

... மஞ்சளா?

... ம். பாப்பாவுக்குப் புடிக்கும்.

...

நீங்க ரெண்டு பேரும் எப்ப அங்க குடி போறீங்க?... வெள்ளிக்கிழமை... சரி... இல்ல, சரின்னுதானே சொல்றேன். அவளுக்குத் தெரியுமா?... அழுதாளா?... அழல... ம்... நான் அவகிட்ட எதுவும் கேக்க மாட்டேன், பயப்படாத. ஸ்கூல் அதே ஸ்கூல்தானே?... ஆமா, பக்கந்தான். நடந்தே போயிடலாம்.

... இல்ல, வாங்கல. சத்தியமா வாங்கல. அந்தப் பொண்ணு பாம்புக்குப் பயந்துக்கிட்டு லைனைக் கட் பண்ணிடுச்சு.

... ம்?

... ஓட்டை விழாம இருந்திருந்தாவா?

...

வாங்கியிருப்பேன்.

... ஆமா. வாடகை ஞாபகம் இருந்துச்சு. கண்ணாடி ஞாபகம் இருந்துச்சு. மறந்துட்டேன்னு சொன்னா அது பொய். ஞாபகத்தோடயேதான் நெம்பினேன்.

... தெரியும். சொல்ல வேண்டியதில்ல, தெரியும்... நீ அங்க நாள் பூரா அடுத்தவங்க மருந்துக்குப் பில்லு போட்டுட்டு வந்து, இங்க நான் வாங்குறதுக்கும் கணக்குப் போட முடியாது. எவ்வளவு நாளைக்குத்தான் முடியும்?... அழாத. அவன் பக்கத்துல நிக்கிறான். தம்பி எதிர்ல அழுதா அவன் என்னை அடிக்க வருவான். வரட்டும், அப்படியே ஃபிரிட்ஜையும் பாத்துட்டுப் போகட்டும்.

... சரி. ஜோக்கு அடிக்கல. நிறுத்திட்டேன்.

ஒண்ணு கேக்குறேன். எப்பவும் மாதிரி "பாப்போம்"னு சொல்லாத. கல்யாணம் ஆனதுல இருந்து எதைக் கேட்டாலும் பாப்போம், பாப்போம். அந்தப் பாப்போம்லயே நானும் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிட்டேன். அது வாடகை இல்லாத வீடு மாதிரி. சுகமா இருந்துச்சு.

இன்னிக்கு நேராச் சொல்லு. நான் இதை விட்டுடுவேன்னு உனக்குத் தோணுதா?

... எனக்குத் தோணுறது இருக்கட்டும். எனக்கு மாசத்துக்கு ஒரு தடவை தோணும். உனக்குத் தோணுதா?

... டாக்டரம்மா சொல்றது வேண்டாம். நீ சொல்லு.

...

லைன்லதான் இருக்கேன். சொல்லு.

...

தோணல.

... ம்.

... இல்ல, நீ சொன்னது கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு... நீ எதுக்கு மன்னிப்பு கேக்குற? கேட்டது நான்... அந்த டாக்டரம்மாகிட்ட அடுத்த வாரம் போறேன். நீ சொன்னதை அப்படியே சொல்றேன். இந்தத் தடவை சிரிக்க வைக்காம.

... இல்ல, உனக்காகன்னு சொல்லல. போறேன்.

சாயங்காலம் பாப்பாவை நான் கூட்டிட்டு வந்துடுறேன். நீ அவசரப்படாத. மஞ்சள் ஒரு கோட்டு பெயிண்டுல நிக்காது, அடியில இருக்கிறது தெரியும். ரெண்டாவது கோட்டும் அடிச்சிட்டே வா... ம். வெச்சிடுறேன்.