முட்டிச் சத்தம்

– அசையாதக்கா. முட்டி மேல கட்டின மாவு அணை விரிஞ்சுதுன்னா எண்ணெய் மொத்தமும் பாய்ல.

– நான் எங்கடி அசைஞ்சேன்? மூச்சுதான் விட்டேன்.

– மூச்சை முட்டியிலயா விடுவாங்க?

– உளுந்து மாவைக் கெட்டியா பிசைஞ்சு வட்டமா கட்டணும்னு வைத்தியரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க. நீ போஸ்டர் ஒட்டற பசை மாதிரி பிசைஞ்சிருக்க.

– ஆரம்பிச்சாச்சா? மாவு சரியில்ல, உப்பு சரியில்ல, துணி காயப்போட்டது சரியில்ல...

– உள்ளதைச் சொன்னா உனக்கு மூக்குக்கு மேல கோவம்.

– சரி விடு. சூடு போதுமா? விரல் விட்டுப் பாத்துட்டுதான் ஊத்தினேன்.

– போதும்... இதமா இருக்கு.

– அப்பாடா. உன் வாயால ஒரு நல்ல வார்த்தை.

– தைலத்தைச் சொன்னேன். உன்னைச் சொல்லல.

– தெரியும், தெரியும்.

– மாப்பிள்ளை எப்ப வருவாரு?

– இப்ப வரமாட்டாரு. குடி மாறப்போற வீட்டு ஓனரைப் பாக்கப் போயிருக்காரு. அங்கேர்ந்து போன் பண்ணுவாரு. மூணாவது மாடியா, பின்தெருவுல இருக்கற கீழ்வீடான்னு இன்னிக்கே சொல்லியாகணும்.

– மூணாவது மாடியே எடுங்க. காத்து வரும்.

– லிப்ட் இல்லக்கா.

– எனக்கென்ன அதைப் பத்தி? நான்தான் தம்பி வீட்டுக்குப் போறேனே.

– முட்டி சரியாகலேன்னாதானே போறேன்னு சொன்ன?

– ஆகலையே. நடந்தா கடக் கடக்குன்னு உனக்கும்தான் கேக்குது.

– கேக்குது... அக்கா, ஒண்ணு கேக்கவா?

– கேளேன்.

– மத்தியானம் மழை வந்துச்சுல்ல. மொட்டைமாடியில காஞ்ச துணியை யாரு எடுத்தா?

– ... எதிர்வீட்டம்மா.

– அவங்க மக வீட்டுக்குப் போயி நாலு நாளாச்சு.

– அப்ப வேற யாராவது எடுத்திருப்பாங்க. துணி நனையலல்ல, அதோட விடு.

– நனையல. மடிச்சு வச்சிருந்துச்சு. சட்டைக் கை ரெண்டும் உள்ள போயி, காலர் மட்டும் மேல தெரியற மாதிரி. இந்தத் தெருவுல ஜவுளிக்கடை மடிப்பு வேற யாருக்குக்கா வரும்?

– ... எண்ணெய் ஆறிடுச்சுடி. மாத்து.

– மாத்துறேன். நீ பதில் சொல்லு.

– முதல்ல மாத்து.

– மாத்திட்டேன். சொல்லு. எழுந்திரிச்சும் போக முடியாது, முட்டி மேல அணை இருக்கு.

– கயிறு இல்லாமலே கட்டிப் போட்டுட்ட, உளுந்து மாவை வச்சு.

– சிரிக்காதக்கா. மாடி ஏறினியா?

– ... ஏறினேன்.

– வலிச்சுதா?

– இறங்கறப்ப கொஞ்சம். முன்ன மாதிரி இல்ல.

– என்கிட்ட ஏன் சொல்லல?

– சொல்றதுக்கு என்ன இருக்கு? கொஞ்சம் லேசாச்சு, அவ்வளவுதான். சத்தம் அப்படியேதான் இருக்கு.

– அன்னிக்கு வைத்தியரம்மா மடக்கச் சொன்னப்ப அய்யோ அம்மான்னு கத்தினியே?

– அவங்க கொஞ்சம் அழுத்திட்டாங்க.

– அழுத்தல. நான் பக்கத்துலதான் நின்னேன். அவங்களே உன்னை ஒரு மாதிரி பாத்தாங்க. சத்தம் வந்தா வரட்டும்மா, வலி இல்லாம இருந்தா பயமில்லன்னு சொல்லிட்டுப் போனாங்க.

– அவங்களுக்கு என்ன, சொல்லுவாங்க. முட்டி என்னோடதுல்ல.

– இரு, அணையை எடுத்துடறேன்... எண்ணெயை ஒத்தி எடுத்துட்டேன். இப்ப மடக்கு.

– அதுக்குள்ளயா? இன்னும் கொஞ்ச நேரம் எண்ணெய் நிக்கணும்டி.

– மடக்குக்கா... இன்னும்... நீட்டு. மறுபடி மடக்கு.

– மடக்கிட்டேன்டி.

– சத்தம் எங்க?

– எண்ணெய் ஊத்தினா கொஞ்ச நேரம் வராது. கதவுக் கீலுக்கு ஊத்தினா நிக்கும்ல, அது மாதிரி.

– சரி. எழுந்து நட.

– உடனே நடக்கக் கூடாதுன்னு...

– நட. சுவர் வரைக்கும்தான்... கையை எதுக்கு முந்தானைக்குள்ள விடற?

– குளுருது.

– அடுப்புப் பக்கத்துல இவ்வளவு நேரம் உக்காந்துட்டு குளுருதா? கையை வெளிய எடு... எடுக்கா. இப்ப நட.

– நடந்தாச்சு, போதுமா?

– ஒண்ணும் கேக்கல.

– கையை வெளிய எடுக்கச் சொல்லிட்டா எப்படிடி கேக்கும்?

– விரலா? இத்தனை நாளும் விரலை நெட்டி முறிச்சுட்டா நடந்துட்டிருந்த?

– இருக்கறது பத்து விரல்டி. ஹால்லேர்ந்து சமையக்கட்டு வர்றதுக்குள்ள தீந்துடும். நடுவுல நின்னு நின்னு வருவேன். நீ அதையும் வலின்னு நெனச்சுக்கிட்ட.

– தமாஷா இருக்கா உனக்கு? ஆபீஸ்லேர்ந்து வந்து, சேலைகூட மாத்தாம, அடுப்புல தைலத்தை வச்சு, நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் குடுத்து... பாரு, இந்த விரலைப் பாரு, கொப்புளம். நீ நடிச்சுட்டிருந்தியா?

– கத்தாத. ஜன்னல் திறந்திருக்கு.

– கேக்கட்டும். இந்த வீட்டுல நான் எப்பக்கா கத்தினேன்? நான் சிரிச்சாலே, எதுக்குடி சிரிக்கறன்னு உள்ளேர்ந்து கேப்ப. அதையும் பொறுத்துட்டுதானே இருக்கேன். எதுக்கு நடிச்ச? திரும்ப ஜவுளிக்கடைக்குப் போன்னு சொல்லிடுவேன்னா?

– சொல்லமாட்ட. உக்கார ஸ்டூல் குடுக்காத கடையில நின்னு நின்னுதான் முட்டி இப்படி ஆச்சுன்னு உனக்குத் தெரியும்.

– அப்புறம் எதுக்கு?

– உக்காரு, சொல்றேன்... சத்தம் நின்னது எனக்கே தெரியலடி. ஒரு நாள் தண்ணி குடிக்கலாம்னு சமையக்கட்டுக்கு வந்தேன். நீங்க ரெண்டு பேரும் உள்ள பேசிட்டிருந்தீங்க. முன்னெல்லாம் நான் கட்டில்லேர்ந்து காலைக் கீழ வச்சாலே போதும், அங்க பேச்சு நின்னு பாத்திரம் உருள ஆரம்பிச்சிடும். அன்னிக்கு நிக்கல.

– ... என்ன கேட்ட?

– மூணாவது மாடி எடுத்துட்டா அக்காவால ஏற முடியாது. தம்பி வீட்டுல விட்டுடலாம். யாரும் நம்மள ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

– அது... அவர் ஏதோ எரிச்சல்ல சொன்னதுக்கா.

– ம்.

– ஆபீஸ்ல ஆயிரம் டென்ஷன். அவருக்கு வாய்தான் அப்படி. மனசுல ஒண்ணும் வச்சுக்கமாட்டாரு.

– ம்.

– நானும் பேசாம இருந்திருக்கக் கூடாது. தப்புதான். ஆனா நீ அதுக்காக... முட்டி சரியாகலன்னு காட்டிட்டு...

– சரியாச்சுன்னா கூட்டிட்டுத்தானே போகணும்? வேண்டாதவளை மூணு மாடி ஏத்தி வச்சுக்கிட்டு, தினமும் அவ மூஞ்சியில முழிச்சுக்கிட்டு... யாருக்குடி அந்தத் தலையெழுத்து? முட்டி மேல பழியைப் போட்டுட்டு கிளம்பிடலாம்னு பாத்தேன். உனக்கும் கெட்ட பேர் வராது, எனக்கும் மானம் போகாது.

– தம்பி பொண்டாட்டி உன்னை வச்சுக்குவாளா?

– வச்சுக்கமாட்டா. அது என் பாடு.

– வலிக்குதுன்னு சொன்னா போதாதா? விரலை வேற எதுக்கு முறிச்ச?

– நான் வர்றது தெரிஞ்சா பேச்சை நிறுத்திப்பீங்கல்ல. இன்னொரு தடவை காதுல விழுந்துடக் கூடாதேன்னுதான். ஒரு தடவை கேட்டதையே தாங்க முடியலடி எனக்கு.

– அக்கா...

– அழாத. எண்ணெய்க் கையால கண்ணைத் தொடாத, எரியும்.

– ... போன்.

– அவர்தான். எடு. மூணாவது மாடின்னு சொல்லு.

– மாட்டேன். கீழ்வீடுதான். நீ எங்ககூடத்தான் வர்ற.

– சொன்னா கேளு.

– முடியாதுக்கா. அவர் என்ன குதிச்சாலும் சரி. அவர்கிட்ட சண்டை போட்டாவது நான்...

– அவர்கிட்ட எதுக்குடி சண்டை? பாவம் மனுஷன்... கீழ்வீடே பாப்போம், அக்கா நம்மகூடயே இருக்கட்டும்னு அன்னிக்கு உன்கிட்ட அவ்வளவு நேரம் கெஞ்சிட்டிருந்தாரு.