எலும்புக்கூடு பேசலாமா?

"ஏலே, செத்தவன் பேசக்கூடாதுன்னு எவம்லே சொன்னது?"

ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்த இளைஞன் போட்ட சத்தத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி ஆடும் ஏதோ ஆட்டமாம். இவன் எடுத்த வீரன் செத்துப்போய் எலும்புக்கூடாக எழுந்துவிட்டான். ஆட்டத்தை நடத்துகிறவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"எலும்புக்கூட்டுக்கு நாக்கு ஏதுலே?"

"கண்ணுந்தான் இல்ல. குறி பாத்து வெட்டுதாம்ல?"

"அது வந்து... மந்திரம்லே."

"அந்த மந்திரத்துல பேச்சு மட்டும் வராதோ?"

"பேசுனா தன்னைக் கொன்னது யாருன்னு சொல்லிருவான். அதைக் கண்டுபிடிக்கதுதாம்லே ஆட்டமே. அப்பவே முடிஞ்சிரும்லா?"

"பேசாட்டி தப்பு அவன் மேலதாம்லே விழும். எங்க சித்தப்பா பட்டாசுக் கம்பெனியில வெடிச்சுச் செத்தப்ப, அவருதான் மருந்தைத் தப்பாக் கலந்துட்டாருன்னு சொன்னாக. இல்லைன்னு சொல்ல அவரு இருந்தாரா?"

நடத்துகிறவன் குழம்பிப்போய்த் தலையைச் சொறிந்தான். "சரிலே, பேசட்டும். வந்து என்ன சொல்லுவான்?"

ஊர் வந்து இறங்கும்போதுதான் ஜன்னலோரத்தான் பதில் சொன்னான்.

"அதாம்லே எனக்கும் தெரியல."