சிலுவையம்மாள் பாடிய தட்டு

ராயபுரம் கல்மண்டபத்தில் இசைத்தட்டு கேட்பவனுக்கு முதல் எதிரி தூசிதான், கமால் பாய். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் நாள் முழுவதும் கிளப்பிவிடும் தூசி, மூடிய ஜன்னலையும் தாண்டி வந்து ஊசி முனையில் உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் துடைத்தாக வேண்டும். டீயைக் குடியுங்கள், நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

நோயல் தன் அம்மாவின் தட்டை உங்களிடம் கொடுத்து, மீதியையாவது காப்பாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தீர்களாம். முதல் சில சுற்றுகளிலேயே அவன் ஊசியைத் தூக்கிவிட்டானே, தட்டு எப்படிக் கடைசி வரைக்கும் தேய்ந்திருக்கிறது என்கிறீர்கள். உங்களுக்கு நல்ல கண். காது இல்லை என்பது வேறு விஷயம்.

நம் ஞாயிற்றுக்கிழமை இசைத்தட்டுக் கூட்டத்தில் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை யார் ஊசி பொருத்திய புது கார்ட்ரிட்ஜ் வாங்கினாலும் என் இரும்புக்கடை மாடிக்குத்தான் கொண்டுவருவார்கள். நான் பிளேயரின் கையில் அதைப் பொருத்தி, கோணம் பார்த்து, ஊசி தட்டை அழுத்தும் எடை வைத்து, கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வேன். யாரும் மறுத்துப் பேசியதில்லை. பிறகு நோயல் வந்து சேர்ந்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஒரு ஊசிக்கும் இன்னொரு ஊசிக்கும் வித்தியாசம் தெரியாதவன். அவன்தான் ஒரு நாள், பிளேயரைத் துணியால் மூடி, கார்ட்ரிட்ஜை மாற்றி மாற்றி ஓட்டலாம், அண்ணன் பார்க்காமல் சொல்லட்டும் என்றான். நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். என் ஜப்பான் கார்ட்ரிட்ஜின் மென்மையைப் பற்றி நிறையவே பேசினேன். துணியை எடுத்தால், மாட்டியிருந்தது எவனோ வேண்டாம் என்று தூக்கிப்போட்ட மலிவுச் சரக்கு.

"இன்னா மாமு, காது டூட்டி முட்ச்சிட்டு வூட்டுக்குப் போய்ட்ச்சா?" என்று கேட்டது நீங்கள்தான். எல்லோரும் சிரித்தீர்கள். நோயல் மட்டும் சிரிக்கவில்லை.

"வுடுண்ணா, யாரு கேட்டாலும் இப்டிதான் ஆவும்" என்றான்.

சிரித்தவர்களை மன்னித்துவிட்டேன் பாய். கிரேன் ஓட்டுகிறவன் எனக்குப் பரிதாபப்பட்டதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவனை அடியோடு வெறுத்தேன்.

அந்தச் சோதனை எதற்கு என்று பிறகு தெரிந்தது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா சிலுவையம்மாள் இறந்துவிட்டாள். அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஏதோ ஒரு பொருட்காட்சியில், மைக் முன்னால் பாடினால் அப்போதே தட்டில் பதித்துக் கொடுக்கும் கடைக்கு அவளைப் புருஷன் அழைத்துப்போயிருக்கிறான். வீட்டில் பிளேயர் கிடையாது. தட்டு டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. அப்பா இறந்த பிறகுதான் நோயல் கையில் கிடைத்தது. அந்த மாதிரித் தட்டின் பூச்சு மெழுகு மாதிரி. தப்பான ஊசி பட்டால் உழுதுவிடும். சரியான ஊசி எது என்று தெரிந்துகொள்ளத்தான் அவன் நம் கூட்டத்துக்கே வந்திருக்கிறான்.

"எங்கம்மா குரலு எப்டி கீதுன்னே எனுக்குத் தெரியாதுண்ணா" என்று தட்டைக் கொண்டுவந்து நீட்டினான். "இது போச்சுன்னா அவ்ளோதான், வேற இல்ல. நீதான் பாத்து ரெடி பண்ணிக் குடுக்கணும்."

அதற்கான தடித்த ஊசி நம் வட்டாரத்தில் என்னிடம் மட்டும்தான் உண்டு. அதை மாட்டி, ஒரே தடவை ஓட்டி, கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன். அருமையாக வந்தது. தாலாட்டு. நடுவில் ஒரு குழந்தை சிணுங்குகிறது. அவள் பாட்டை நிறுத்தி, "இர்ரா நோயலு, முட்ச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி பாடுகிறாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கார்ட்ரிட்ஜ்களை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே தட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டித்தானே ஆக வேண்டும்? அதுதானே நம் வழக்கம்? என்னிடமிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக மாட்டினேன். எடையையும் கூட்டிக்கொண்டே போனேன். ஊசி முனையில் பூச்சு கறுப்பு நூலாகச் சுருண்டு வந்தது. துடைத்துவிட்டுத் தொடர்ந்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று பாடினாள். அந்த வித்தியாசமெல்லாம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. என் காதில் ஒரு கோளாறும் இல்லை என்று நிம்மதியாக இருந்தது. கடைசியில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சியது.

தட்டைச் சுத்தம் செய்து உறையில் போட்டு நானே திருவொற்றியூரில் அவன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். "நான் ஓட்டலை. மொதல்ல நீதான் கேக்கணும்" என்றேன். தடித்த ஊசி உள்ள கார்ட்ரிட்ஜையும் கொடுத்து, அவன் பிளேயரில் அவனையே மாட்டச் சொன்னேன். கார்ட்ரிட்ஜை மாற்றினால் முதலில் பிளேயரின் கையைத் தராசு மாதிரி சமமாக நிறுத்த வேண்டும், எடை எண் போட்ட வளையத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும், அப்புறம்தான் எடை வைக்க வேண்டும். பதற்றத்தில் நோயல் சமன் பார்க்காமலே பழைய எண்ணை நம்பி எடை வைத்தான். நம்மில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருக்கிற பிழைதான். நான் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

ஊசியை இறக்கினான். இரைச்சல். பயந்துபோய் உடனே தூக்கிவிட்டான். நான் எடைக்கருவியை வைத்துப் பார்த்து, "ரொம்ப அதிகம்டா, தட்டை உழுதுடுச்சு. மீதியைத் தொடாதே" என்றேன். எடை அதிகம் என்பது பொய் இல்லை.

அப்போது அந்தப் பதிவு பென் டிரைவில், என் சட்டைப் பையிலேயே இருந்தது. கொஞ்சம் அழட்டும், கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவன் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தங்கப்பாண்டிண்ணா, உன்னையே துணி போட்டு டெஸ்ட் பண்ணேனே, எனுக்கு வேணும். எங்கம்மாவ நானே அழிச்சிட்டேன். உன் காதுதாண்ணா காது."

எனக்கு மனது நிறைந்துவிட்டது பாய். பென் டிரைவைக் கொடுத்தால் தட்டை நான் ஓட்டியது தெரிந்துவிடும். அவன் சொன்ன வார்த்தை இல்லாமல் போய்விடும். அதனால் வீட்டுக்கு வந்து அதிலும் அழித்தேன், கம்ப்யூட்டரிலும் அழித்தேன்.

மீதியைக் காப்பாற்ற முடியாது. அதை நீங்கள் போய் அவனிடம் சொல்லிக் கஷ்டப்படுத்த வேண்டாம். அவன் அம்மா எப்படிப் பாடினாள் என்று தெரிந்தவன் நான் ஒருவன் இருக்கிறேனே, வந்து கேட்டால் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கிச் சொல்ல மாட்டேனா?