முப்பது டிகிரி குறைவாக

எனக்கு டீ நன்றாக ஆறினால்தான் பிடிக்கும். அதனால் நீங்கள் அவசரப்பட வேண்டாம், நிதானமாகவே சொல்கிறேன்.

என் கணவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். கணினியை, அதைச் செய்தவர்கள் குறித்த வேகத்துக்கு மேலே ஓட்டிப் பார்ப்பது ஒன்றுதான் அவருடைய பைத்தியம். ஓவர்கிளாக் என்பார். வேகம் கூடினால் சூடும் கூடும். அதற்காக இரண்டு மென்பொருள் வைத்திருந்தார். ஒன்று, கணினி தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க அதை மூச்சுவிடாமல் வேலை வாங்கும். இன்னொன்று, உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். அளவு மீறினால் கோடு சிவந்து, அலாரம் அடிக்கும்.

"சிவப்பு வராத வரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்பார்.

நானும் மென்பொருளில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறவள்தான். ஆனால் நான் சொன்னால் கேட்க மாட்டார், திரை சொன்னால் கேட்பார்.

நான் உண்டாகியிருந்தபோது, ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் எனக்கு வயிற்றைச் சுருட்டி இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் அறை வாசலுக்குப் போனேன்.

"என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"கொஞ்சம் இரும்மா. டெஸ்ட் ஓடுது. இப்ப நிறுத்தினா திரும்ப முதல்லேருந்து ஓட்டணும்."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குளியலறைத் தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். வேலை முடிந்து வந்த நாத்தனார்தான் என்னை அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினாள். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கணவர் அழுதார். நிஜமாகவே அழுதார். மறுவாரம் கணினிக்குப் புதிய காற்றாடி வாங்கி மாட்டினார்.

அதற்குப் பிறகு எனக்குத் தலை வாரிவிட்டதும் சாப்பாடு ஊட்டியதும் நாத்தனார்தான். "அண்ணன் ஒரு மரமண்டை, அண்ணி. மனசுல வச்சுக்காதீங்க" என்பாள். நான் மனசில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த இரண்டாவது மென்பொருளில் ஒரு கட்டம் உண்டு. சென்சார் தப்பாகக் காட்டினால் திருத்திக்கொள்வதற்காக வைத்திருக்கிறார்கள். அதில் முப்பது டிகிரி கழித்துக் காட்டும்படி போட்டேன். சூடு மீறினால் கணினி தானாக அணைந்துபோகும் வசதியை எடுத்துவிட்டேன். மின்சாரம் கொண்டுவரும் தடித்த கேபிளைக் கழற்றி, பழைய சாமான் பெட்டியில் கிடந்த மெல்லிய ஒன்றை மாட்டினேன். அவர் வெளியே போயிருந்தபோது ஓட்டிப் பார்த்து, கேபிளின் முனை இளகத் தொடங்கியதும் அணைத்தேன். சோதிக்காமல் எதையும் வெளியே விடுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை.

விடுமுறை நாளில் மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் டெஸ்ட்டைத் தொடங்கினார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று அந்த அறைச் சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தார். திரையில் காட்டுகிற எண்கள் என் கைபேசிக்கும் வரும். ஹாலில் உட்கார்ந்து, கழித்ததைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஏதோ கருகற வாடை வருதே?"

"பக்கத்து வீட்டுல அடிப்பிடிச்சிருக்கும்."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. என் தோளுக்கு மேலே எட்டிக் கைபேசியைப் பார்த்தாள். "எல்லாம் பச்சையாத்தானே இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போதுதான் கதவிடுக்கில் புகை தெரிந்தது. இஸ்திரிப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். என்னைத் தாண்டித்தான் போனாள், அவள் உடை என் முழங்காலில் உரசியது. கையைப் பிடித்திருக்கலாம்.

"அண்ணா! எந்திரிண்ணா!" என்றாள். பிறகு இருமல். பிறகு, "அண்ணி, தண்ணி கொண்டாங்க, சீக்கிரம்."

எழுந்து போனேன். புகை ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தது. அவள் மடித்து வைத்த துணிகள் அங்கே இருந்தன, வாடை ஏறிவிடும். கதவை இழுத்துச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். உள்ளேயிருந்து தட்டியது யாருடைய கை என்று எனக்குத் தெரியும். அவர் அவ்வளவு சீக்கிரம் எழுகிறவர் இல்லை.

கணவர் விஷயத்தில் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நாத்தனாரை நான் கொன்றதாக மட்டும் எழுதாதீர்கள். அவளை உள்ளே போகச் சொன்னது நான் இல்லையே.