ஸ்ரீவில்லிபுத்தூரில் மழையாம்

"ஹலோ... ஹலோ... எக்ஸ்சேஞ்சா? ஆமா சார், நாரணாபுரந்தான்... ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கேட்டிருந்தோம்ல... ஆமா, ஆமா, லைன்லதான் இருக்கேன்... ஹலோ! யாரு, அத்தையா? நான் சண்முகத்தாய் பேசுறேன் அத்தை... நல்லாருக்கேன். நீங்க நல்லாருக்கீகளா?... ஆமா, மழ கேக்கத்தான்... கனகமணி அங்கன இருக்காளா?... செத்த அவகிட்ட குடுங்களேன்."

சண்முகத்தாய் ரிசீவரை இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள். ஆனி மாதம் பிறந்துவிட்டால் சுந்தரபாண்டியின் பட்டாசுக் கம்பெனியில் இது தினப்படி வேலை. மேற்கே மலையடிவாரத்தில் மழை இறங்கினால் கொஞ்ச நேரத்தில் நாரணாபுரத்துக்கும் வந்து சேரும். களத்தில் மரச்சட்டங்களில் செருகிக் காயப்போட்டிருக்கும் கம்பி மத்தாப்பு அத்தனையும் அதற்குள் கொட்டகைக்குள் போயாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து அங்கேயே குடியிருந்த பாக்கியவதி அத்தையின் மகள் கனகமணி, சுந்தரபாண்டியின் மகள் சண்முகத்தாயோடு சிவகாசியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அதனால் மழை விசாரிக்கும் பொறுப்பை அவர் மகளிடமே விட்டுவிட்டார். மழைக்கு ஒரு வார்த்தை, மிச்சமெல்லாம் ஊர்க்கதை என்று அவள் பேசுவது அவருக்குத் தெரியாதா என்ன? செல்லப் பிள்ளை, பேசிவிட்டுப் போகட்டும் என்றிருந்தார்.

இன்றைக்கு அவள் ஊர்க்கதை பேச வரவில்லை.

"ஏட்டி கனகு... ம்... ம்... காய்ச்சல் விட்டுருச்சா?... ஆமா, குரலு தெளிவாத்தான் இருக்கு... சாப்பிட்டேன், சாப்பிட்டேன்... இங்கனயா? வெயிலு மண்டையப் பொளக்குது... அத விடு. திங்கக்கிழம அங்கன மழைன்னியே, எம்புட்டு மழ?... ம்... ரோடெல்லாம் தண்ணி... ம்... பஸ்ஸே ஓடல... சரி... பெறகு?... ஆமா, ஆமா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், சொல்லு."

திங்கட்கிழமை இருவரும் மதுரைக்குப் போய்க் காலேஜில் பி.யு.சி. சேர்வதாக இருந்தது. வேதமாணிக்கம் வாத்தியார் மகள் கனகமணி போனால் நீயும் போ, தனியாக மட்டும் அனுப்பமாட்டேன் என்பது சுந்தரபாண்டி போட்ட ஒரே நிபந்தனை. தலைகீழாக நின்று வாங்கிய சம்மதம் அது. விடிந்ததும் குளித்து, புதுத் தாவணி கட்டி, பெட்டியோடு கம்பெனி ஆபீசில் வந்து உட்கார்ந்திருந்தவளிடம், கொட்டுகிற மழையில் வீட்டை விட்டு இறங்க முடியவில்லை என்று போனில் சொன்னாள் கனகமணி. மறுநாள் கேட்டால் காய்ச்சல். அதற்கு மறுநாளும் காய்ச்சல்.

"முடிச்சிட்டியா?... சரி, இப்ப நான் சொல்றேன், நீ கேளு. நம்ம லாரி ஓட்டுற கருப்பணன் அண்ணன் இருக்காருல்ல... ஆமா, மீசக்காரருதான். திங்கக்கிழம ராசபாளையத்துலருந்து காகித லோடு ஏத்திக்கிட்டு உங்க ஊரு வழியாத்தான் வந்திருக்காரு... நடுவுல பேசாத. தார்ப்பாய மடிச்சு ஓரமாப் போட்டுட்டு வந்தாராம்... காகிதம்டி! காகித லோட யாராவது மழையில தொறந்து போட்டு ஓட்டிட்டு வருவாகளா?... ஊரு மேக்கால மட்டும் பெஞ்சுச்சா? நல்லாச் சொல்லுவ! இன்னுங் கேளு. பஸ் ஸ்டாண்டுல உன்னையும் உங்கப்பாவையும் பாத்தாராம். திருநெல்வேலி பஸ்ஸுல ஏறுனீகளாம்... ஹலோ... ஹலோ... கனகு, இருக்கியா?"

கம்பியில் கொர்ரென்ற இரைச்சல் மட்டும் ஓடியது. அதற்குள்ளே ஒரு விசும்பல்.

"நீ ஏன் அழுகுற? நானுல்ல அழணும்... எங்க போனீக?... எங்க?... பாளையங்கோட்டையா? டீச்சர் ட்ரெயினிங்கா?... எடமும் கெடச்சிருச்சா!... எப்பச் சேரணும்?... ஓகோ. எல்லாம் முடிஞ்சுதான் இருக்கு. எனக்குத்தான் மழ, காய்ச்சலு, எல்லாம்."

அழக்கூடாது என்றுதான் இருந்தாள். தாவணி நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பேசினாள்.

"சனிக்கிழமயானா டூரிங் கொட்டகையில மணல்ல ஒக்காந்துக்கிட்டு, ஹாஸ்டல்ல ரெண்டு பேரும் ஒரே ரூம் கேப்போம்னு சொன்னது யாரு? படத்தப் பாக்க விட்டியா நீ? பத்ரகாளியம்மன் திருவிழாவுல ராட்டினத்துல ஒசக்க போறப்ப, வாத்திச்சி வேல எனக்கு வேண்டவே வேண்டாம்னு ஊருக்கே கேக்குறாப்புல கத்துனது யாரு?... ஆமா, நீதான். நானா கத்துனேன்?... நீ டீச்சராகு, மகராசியா ஆகு, வேண்டாங்கல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? தொணைக்கு வேற ஆளத் தேடியிருப்பேன்ல? பச்ச மத்தாப்பு ஏன் பச்சையா எரியுது, செவப்பு ஏன் செவப்பா எரியுதுன்னு இங்கன ஒரு ஆளுக்குச் சொல்லத் தெரியல. அதப் படிக்கணும்னு நான் எம்புட்டு ஆசப்பட்டேன்னு உனக்குத் தெரியாதா? ஒனக்குத் தெரியும். ஒனக்கு மட்டுந்தான் தெரியும்."

ஜன்னலுக்கு வெளியே களத்தில் சுப்புத்தாயும் மற்றப் பெண்களும் வெயிலில் சட்டங்களைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். சுந்தரபாண்டி நடுவில் நின்று கையை வீசி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குத்தாண்டி கடைசி நாளு. நாளைக்கு ஒரு நா மட்டும் எங்கூட மதுரைக்கு வா. என்னையச் சேத்து விட்டுட்டு நீ பாளையங்கோட்டைக்குப் போ. சேந்துட்டேன்னா பெறகு எங்கப்பா ஒண்ணும் சொல்லமாட்டாக... என்னது?... எங்கப்பாவா? எங்கப்பாவுக்கும் இதுக்கும் என்ன?... இந்தா பாரு, பழிய அங்க தூக்கிப் போடாத... எப்ப வந்தாக?... அன்னைக்கு ஆண்டாள் கோயிலுக்குல்ல போனாக! பால்கோவா கூட வாங்கிட்டு வந்தாகளே... உங்க வீட்டுக்கா?... ம்... ம்... ட்ரெயினிங் எடத்துக்கு ஆளு பிடிச்சுக் குடுத்ததே அவுகதானா?... பொய் சொல்லாத கனகு... சத்தியம் எல்லாம் பண்ணாத... வேதமாணிக்கம் சார்வாள்ட்ட என்ன சொன்னாக? சொன்னதச் சொன்னபடி சொல்லு... ம்..."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மக மொகத்தப் பாத்து மாட்டேங்க முடியலன்னாகளா?... ம்... உங்க பிள்ள போகலன்னா எம்பிள்ளையும் நின்னுருவான்னாகளா?... ம்... அவ கேட்டா மழைன்னு சொல்லிருங்க, மழைன்னா அவ மறுவார்த்த கேக்கமாட்டான்னு..."

இனிச் சத்தியம் எதுவும் தேவையில்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை போனை வைத்த கையோடு, கண்ணைத் துடைத்தபடி களத்துக்கு ஓடி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய மழையாம் என்று அப்பாவிடம் சொன்னது அவள்தான். மழை என்ற சொல் காதில் விழுந்தால் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுகிற மனிதர் அவர். ஒரு மேகத்தைக் கண்டால் போதும், கம்பெனியே அதிரச் சத்தம் போடுவார். அன்றைக்கு மேற்கே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிடக்கட்டும் தாயி, காயட்டும் என்றார். சாயங்காலம் வரை ஒரு சட்டம்கூட உள்ளே போகவில்லை. மகள் பயணம் நின்று போன வருத்தத்தில் அப்பாவுக்கு வேலையில் மனசு போகவில்லை என்று அவள் நினைத்தாள். நினைத்து, அவருக்காக இரக்கப்படவும் செய்தாள். அதுதான் இப்போது அவளுக்குத் தாங்கவில்லை.

"இல்ல... அழல... கேக்குது, சொல்லு... உம்மேல கோவமா? இருக்கு. இல்லன்னு சொன்னா அதுவும் மழ மாதிரி ஆயிரும்... ஆனா நீ ஊரான் வீட்டுப் பிள்ள கனகு. உங்கப்பா சொன்னத நீ கேட்ட. நான் எங்கப்பா சொன்னத நம்புனேன்... ம்... தெரியல. இனிமே என்ன செய்யன்னு தெரியல... வீட்டுல இருப்பேன். மழ கேட்டு போன் போடுவேன். வேறென்ன?... சரி, சரி, மூக்கச் சிந்து மொதல்ல."

இரைச்சலுக்குள் இப்போது வேறொரு சத்தம் கேட்டது. அவள் காதை அழுத்திக்கொண்டாள்.

"என்ன சத்தம் அங்கன?... தகரத்துலயா?... ஏட்டி, இன்னுமா நீ விடல? மழைன்னு சொல்ல ஒனக்கு வாயி கூசலையா?... எம்மேல ஆணையா?... சரி, போன ஜன்னலுக்கு வெளிய நீட்டு... நீட்டு, சொல்றேன்ல."

நீட்டியிருப்பாள் போல. பழைய தகரக் கூரை மேல் கொட்டுகிற மழை, கம்பி வழியாக வந்து சண்முகத்தாயின் காதில் விழுந்தது.

"ம். கேட்டுருச்சு... நம்புறேன்... இனி ஒவ்வொரு தடவையும் இப்படி நீட்டித்தான் காட்டணும்டி நீ... எப்பப் போற பாளையங்கோட்டைக்கு?... ஹலோ?... கனகு... ஹலோ... ஹலோ..."

லைன் அறுந்துவிட்டது.

வாசலில் நிழல் விழுந்தது. கழுத்து வேர்வையைத் துண்டால் துடைத்தபடி சுந்தரபாண்டி நின்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மழை உண்டா என்று எப்போதும் போலக் கேட்டார். அவருக்குப் பின்னால் களம் முழுக்க வெயில் அடித்தது.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அத்தனையும் நனைந்து நாசமாய்ப் போகும். அந்தச் சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது. விடியக்காலையிலிருந்து கை கருக்கக் கம்பிகளை மருந்தில் முக்கியெடுத்த சுப்புத்தாய் ஜன்னலுக்கு நேரே குனிந்து நின்றாள். சண்முகத்தாய் ரிசீவரை மெதுவாக வைத்தாள்.

"நல்ல மழப்பா. எல்லாத்தையும் உள்ள எடுக்கச் சொல்லுங்க... திங்கக்கிழம நீங்க பெய்ய வச்ச மழ இல்ல. இது நெச மழ."

சத்தம் கொடுக்கக் களத்துப் பக்கம் திரும்பிய சுந்தரபாண்டி, அப்படியே மகள் பக்கம் திரும்பினார். சண்முகத்தாய் அவரைத் தாண்டி வெயிலில் இறங்கி நடந்தாள். முதல் சட்டத்தை அவளே தூக்கினாள்.