அரை மாத்திரை

மேடையில் அமர்ந்திருக்கும் பெரிய டாக்டர் அவர்களே, நர்ஸ் அக்காக்களே, மூன்றாவது வரிசையில் கைக்குட்டையோடு இருக்கும் என் அம்மாவே! எல்லோருக்கும் வணக்கம். "ஜோக்கடிக்காம பேசு" என்று சொல்லித்தான் மைக்கைக் கொடுத்தார்கள். இன்று ஜோக்கடிக்கும் தைரியம் எனக்கு இல்லை.

நம் எட்டு மணி அக்கா! நோய்த்தடுப்புப் பிரிவின் தலைமைச் செவிலியர்! காலை எட்டு அடித்தால் போன் அடிப்பார்: "மாத்திரை போட்டாச்சா?"

பெரியம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய். அம்மாவுக்கு வராமலிருக்க ஐந்து வருட மாத்திரை. "வராத நோய்க்கு எதுக்கு சிஸ்டர் மருந்து?" என்றாள் அம்மா.

"ஹார்மோன் வந்து உட்கார்ற சீட்டுல இது முன்னாடியே துண்டு போட்டுடும்மா."

"அப்போ வரவே வராதா?"

"வாய்ப்பு குறையும். பொய் சொல்ல மாட்டேன்."

பொய் சொன்னது யார்? நான்!

அக்கா குரலில் பேசுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு; அக்காவே கேட்டுச் சிரித்திருக்கிறார். ஒருநாள் வகுப்பில் இலக்கணம்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. விடுவேனா? தோழியின் போனிலிருந்து அம்மாவை அழைத்தேன். "நீங்க மெய்யான ஆளும்மா. இனி அரை மாத்திரை போதும்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். "அப்பாடா!" என்றாள். அந்த மாத்திரையால் உடம்பு கொதித்துத் தூங்காமல் கிடந்தவள். அந்த 'அப்பாடா'வைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. நான்கு மாதம்! தினமும் அக்கா கேட்டார். "போட்டாச்சு" என்றாள் அம்மா. இருவருமே பொய் சொல்லவில்லை.

பரிசோதனைக்குப் போனபோது, மீந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்து அக்கா திடுக்கிட்டார். "அரையாக்கச் சொன்னது யாரு?"

"நீங்கதானே சிஸ்டர், நான் மெய்யான ஆளுன்னு!"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஆமா, என் தப்புதான். இன்னிலேருந்து முழுசா போடுங்க" என்றார். வாசலில் என் காதருகே, "நீயே ஒருநாள் சொல்லு. காத்திருக்கேன்."

ஒரு வருடம் காத்திருந்தார். போன ஞாயிறு அவர் இதயம் நின்றது. என் வாய் இன்றுதான் திறக்கிறது. வெட்கமாக இருக்கிறது!

டாக்டர் அவர்களே, அந்த அரை மாத்திரைக்காக அக்காவிடம் நீங்கள் எழுதி வாங்கிய மன்னிப்புக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். அது நான் எழுதியிருக்க வேண்டியது. எழுதி எடுத்து வந்திருக்கிறேன்.

அம்மா, திட்டுவதை வீட்டில் வைத்துக்கொள். நாளை காலை எட்டு மணிக்கு உன் போன் அடிக்கும். என் சொந்தக் குரலில், அக்காவின் கேள்வியில் ஒரே ஒரு சொல் சேர்த்துக் கேட்பேன்:

"மாத்திரை முழுசா போட்டாச்சா?"